தைக்கக் கூடாத களிசான்

என் புருஷன் மரத்தில் ஏறி வெட்டுவார். நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பொம்பிளை பிடிக்கிற கயிற்றை நம்பியா ஏறுகிறாய் என்று அவரிடமே கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் ஒருவனாவது அந்தக் கயிற்றை வந்து பிடித்துப் பார்த்ததில்லை. வெட்டிய கொப்பு தன்பாட்டில் விழுந்தால் ஓடு உடையும், மதில் உடையும், கரண்ட் கம்பி அறும். அதனால் கொப்பைக் கயிற்றில் கட்டி, கயிற்றை அடிமரத்தில் சுற்றி, இழுத்துப் பிடித்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து கரைவலை இழுத்த கை எனக்கு. கயிறு எப்போது வழுகும், எப்போது கடிக்கும் என்று கைக்குத் தெரியும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கல்பிட்டிக் கரைக்கு ஹோட்டல்கள் வந்தன. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தென்னைக்குக் கீழே படுக்க ஆசை, தேங்காய் விழுந்துவிடும் என்று பயம். றோட்டை அகலமாக்கினார்கள், கம்பி இழுத்தார்கள், எல்லாவற்றுக்கும் மரம்தான் இடைஞ்சல். இவர் வலையை விட்டுவிட்டு மெசின் வாளை எடுத்தார். கடலுக்குப் போன காலத்தில் பாய்மரத்தில் ஏறிய ஆள், உயரம் அவருக்குப் பயமில்லை. எனக்குப் பயம் உயரத்தில் இல்லை. அந்த மெசினில்தான். அது சங்கிலியில் பல் வைத்துச் சுற்றுகிற சாமான். ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கொப்பைத் தள்ளிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே நிற்பார். இடுப்பில் ஒரு வள்ளக் கயிறு. அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஒரு நாள் சங்கிலி துள்ளி அவருடைய சாரத்தைக் கிழித்தது. முழங்காலுக்கு மேலே தோலில் ஒரு கோடு. இறங்கி வந்து, ரத்தத்தைத் துடைத்து, பிளேன்ரீ கேட்டார். சாரம் போனதுதான் கவலை என்றார். நான் அன்றிலிருந்து நிம்மதியாகக் கயிறு பிடித்ததில்லை. மேலே மெசின் சத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் என் தொடை இறுகும்.

என் தம்பி இத்தாலியில் இருக்கிறான். எங்கள் கரையில் வீட்டுக்கொருவர் இத்தாலியில் இருப்பது அதிசயமில்லை. இவன் அங்கே ஒரு நகரத்தின் பூங்கா மரங்களைக் கத்தரிக்கிற ஆட்களோடு வேலை. நடந்ததைச் சொன்னேன். அவன் ஊருக்கு வருகிற ஒருவரிடம் ஒரு பை நிறையச் சாமான் கொடுத்துவிட்டான். தலைக்கு ஹெல்மெட், அதோடு சேர்ந்து காதுமூடியும் முகத்துக்கு வலையும். இடுப்புக்கும் தொடைக்கும் சேர்த்துக் கட்டுகிற பெல்ட். பிறகு ஒரு களிசான், கணுக்கால் வரை வருகிற நீளக் காற்சட்டை. கையில் எடுத்தால் நனைந்த படங்கு மாதிரிப் பாரம்.

இவர் பெல்ட்டை உடனே எடுத்துக்கொண்டார். அது வள்ளத்துச் சாமான் மாதிரி இருந்தது, கொளுக்கி, வளையம், கயிறு. ஹெல்மெட்டையும் இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு போட்டார். களிசானை மட்டும் தொடமாட்டேன் என்றார். இந்த வெயிலில் அதைப் போட்டால் கால் அவிந்துபோகும் என்றார். இத்தாலியில் பனி, அதனால் போடுகிறார்கள், இங்கே என்னத்துக்கு என்றார். நான் விடவில்லை. காலையில் அது, மத்தியானம் அது, படுக்கப் போகும்போதும் அது. கோவிலுக்குப் போகிற வழியில்கூடக் களிசான் கதைதான் என்று மாமியார் புறுபுறுத்தார். கதைத்தேன், ஓம். வேறு எதைக் கதைப்பது?

அந்தக் காலத்தில் இவர் மரம் செதுக்கவும் தொடங்கியிருந்தார். போனில் பார்த்துத்தான் பழகினார். வெட்டிய தென்னங்குத்தியில் மெசினாலேயே ஒரு பாரை மீன் செய்தார். வாள் நுனியால் செதில் செதிலாகக் கீறியிருந்தார். அதை ஒரு ஹோட்டல்காரர் வாசலில் வைத்தார். அதைப் பார்த்து இன்னொரு ஹோட்டலின் மனேஜர் ஆள் அனுப்பினார். தலவிலைக்கு அப்பால், கடலைப் பார்த்த ஹோட்டல். முற்றத்தில் பட்டுப்போன பெரிய வேம்பு ஒன்று. மேல்கொப்புகளை இறக்கிவிட்டு, நிற்கிற அடிமரத்தின் உச்சியை அப்படியே துள்ளுகிற ஓங்கிலாகச் செதுக்கித் தரவேண்டும். ஓங்கிலை அவர்கள் டொல்பின் என்பார்கள். கல்பிட்டிக் கடலுக்கு வெள்ளைக்காரன் வருவதே அதைப் பார்க்கத்தான்.

கொப்பு வெட்டுவது சில நிமிட வேலை. செதுக்குவது அப்படியில்லை. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, மரத்தைத் தொடையால் அணைத்துக்கொண்டு, வாள் நுனியை அங்கும் இங்கும் குத்திக்குத்தி நாள் முழுக்க நிற்கவேண்டும். வாள் நுனியால் குத்தும்போதுதான் மெசின் துள்ளும் என்று தம்பி சொல்லியிருந்தான். களிசான் போட்டால் கயிறு பிடிப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பார் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். போட்டார்.

போட்டார், ஆனால் முறைப்பாடு முடியவில்லை. களிசான் நீளம். தம்பி தன் உயரத்துக்கு வாங்கியிருக்கிறான். அதைவிட, உள்ளே தொடைப் பக்கம் இருக்கிற தடித்த அடுக்கு மேல்துணியோடு ஒட்டாமல் தனியாக ஆடியது. மேல்கொப்பு இறக்க ஏறியபோது அது ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"உள்ளுக்குள்ள ஒரு கோழிய விட்டுக் கட்டின மாதிரி இருக்கு," என்றார்.

அடுத்த நாள் தானாகவே களிசானை எடுத்துக்கொண்டு மதுரங்குளிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு முஸ்லிம் தையல்காரர் இருக்கிறார், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பள்ளிக்கூட உடுப்பு, மெத்தை உறை, லொறிப் படங்கு எல்லாம் தைப்பார். அவர் தைத்தால் துணி கிழியும், தையல் கிழியாது. இந்தக் கரையில் அவருக்கு நல்ல பெயர். கீழே மடித்துத் தரச் சொல்லப்போனவரிடம் அவர் களிசானைப் புரட்டிப் பார்த்து, இத்தாலிக்காரன் ஏமாற்றிவிட்டான், உள் அடுக்கைத் தைக்காமலே விட்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். தொடையிலிருந்து கணுக்கால் வரை குறுக்கும் நெடுக்குமாக, மெத்தைக்குப் போடுகிற மாதிரி, இறுக்கித் தைத்தார். இடது காலை முடித்து வலது காலில் கை வைத்ததும் ஊசி முறிந்துவிட்டது. தடித்த ஊசி புத்தளத்திலிருந்து எடுப்பித்து வைக்கிறேன், பிறகு கொண்டுவாங்க என்றார்.

இவர் சந்தோஷமாக வந்தார். முற்றத்தில் போட்டுக்கொண்டு நடந்து காட்டினார். தைத்த கால் நல்ல கால், தைக்காத கால்தான் இப்போது கரைச்சல் என்றார். ஒழுங்கான கட்டம் கட்டமான தையல். நானும் பார்த்துச் சரி என்றேன். எப்படியோ போட்டாரே என்பதுதான் என் நினைப்பு.

பின்னேரம் தம்பி போனில் வந்தான். முகம் தெரிகிற கோல். மச்சான் களிசான் போட்டுவிட்டார், பார் என்று போனைத் திருப்பிக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தவன், சிரிப்பை நிறுத்தினான்.

"அக்கா, இடது காலுல என்ன அது? கிட்டக் காட்டு."

காட்டினேன்.

"ஆரு தச்சது? கழட்டச் சொல்லு அத. அது செத்துப்போச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவன் விளங்கப்படுத்தினான். அந்த உள் அடுக்கு முழுக்க நீட்டு நீட்டான நூல். சங்கிலி மேல்துணியைக் கிழித்த உடனே அந்த நூல் இழுபட்டு வெளியே வரவேண்டும். வந்து சங்கிலியில் சிக்கி, மெசினுக்குள்ளே இருக்கிற பல்சக்கரத்தைச் சுற்றி, மெசினை நிறுத்தவேண்டும். அதற்காகத்தான் அதைத் தைக்காமல் தளரவிட்டிருக்கிறார்கள். தைத்து இறுக்கினால் நூல் இழுபடாது. சங்கிலி அதை வெறும் துணியாக வெட்டிக்கொண்டு காலுக்குப் போகும். அங்கே வேலை ஆட்கள் இதற்குள் ஊசி குத்தினால் எறிந்துவிடுவார்கள் என்றான். இதை முதலே சொல்லித் தொலைக்காமல் என்னத்துக்குக் களிசானை மட்டும் அனுப்பினாய் என்று அவனைப் பேசினேன்.

இவர் நம்பவில்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். கடலில் வளர்ந்த ஆளுக்குத் தளர்ந்து கிடப்பது எல்லாம் ஆபத்து. வள்ளத்தில் கட்டாத சாமான் ஆளை அடிக்கும், தைக்காத வலை மீனை விடும், இறுக்காத கயிறு காலைச் சுற்றும். இறுக்கிக் கட்டினால்தான் உயிர். தளரவிட்டதுதான் காப்பாற்றும் என்று ஒருவன் போனில் சொன்னால் அவர் எப்படி நம்புவார்? தம்பிக்கு இத்தாலிப் பெருமை என்றார். நானாவின் தையலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்றார்.

அடுத்த நாள் காலையில் ஹோட்டலுக்குப் போனோம். மேல்கொப்புகளை முன்னமே இறக்கிவிட்டோம், அவை வேலியோரம் கிடந்தன. அன்று செதுக்கத் தொடங்கவேண்டும். அவர் களிசானைப் போட்டு, பெல்ட்டைப் பூட்டி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். நான் கயிற்றைக் கையில் எடுக்கவில்லை. மணலில் இருந்துவிட்டேன்.

"எழும்பு," என்றார்.

"ஏலாது."

"தம்பி சொன்னத்துக்கா?"

"ஓம்."

ஹெல்மெட்டை மணலில் எறிந்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றி, களிசானைக் கழற்றி, சாரத்தைக் கட்டிக்கொண்டார். வேலியோரம் போய், தன் தொடையளவு இருந்த ஒரு வேப்பங்குத்தியை இழுத்து வந்து, களிசானின் இடது காலுக்குள் நுழைத்தார். நானாவின் தையல் மேலே வரும்படி வைத்தார்.

"இப்ப பாரு. பாத்துட்டு வாய மூடிட்டு எழும்பு."

மெசினை இழுத்து உயிர்ப்பித்தார். சங்கிலியை முழு வேகத்தில் விட்டுத் தொடைப் பக்கத்தில் வைத்தார். மெசின் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். பிறகு சத்தம் மாறி, வேப்பந்தூள் பறந்தது. தூள் பறந்ததைக் கண்டதும் அவரே கையை எடுத்துவிட்டார். வெட்டின இடத்தில் துணி வாய் பிளந்து கிடந்தது. நூல் எல்லாம் தையலுக்குள்ளே கட்டையாக வெட்டுப்பட்டு, கத்தரித்த மயிர் மாதிரி நின்றது. உள்ளே குத்தியில் ஒரு பள்ளம். அவர் அதற்குள் விரலை விட்டார். விரல் இறங்கியது.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.

அவர் குத்தியை உருவி வலது காலுக்குள் நுழைத்தார். அது தைக்காத கால். மெசினை வைத்தார். துணி கிழிந்ததுதான் தெரியும். வெள்ளை நூல் குபுக்கென்று வெளியே வந்து, வாளைச் சுற்றி, மெசினுக்குள்ளே ஓடியது. மெசின் ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது. அந்த முற்றத்தில் கடல் சத்தம் மட்டும் கேட்டது. குத்தியை உருவிப் பார்த்தோம். பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் மணலில் என் பக்கத்தில் குந்தி, மெசினைத் திறந்து, பல்சக்கரத்திலிருந்து நூலை இழுக்கத் தொடங்கினார். அது வருகிற மாதிரி இல்லை. கத்தியால் அறுத்து, இடுக்கியால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கோழிச் சிறகு மாதிரி வெள்ளையாக மடி நிறைய நூல்.

மனேஜர் வந்தார். கொழும்பு ஆள், சிங்களத்தில்தான் கதைப்பார். ஏன் இன்னும் ஏறவில்லை, சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், டொல்பின் நிற்கவேண்டும் என்றார். இவர் நூலை இழுத்தபடியே, களிசான் பழுதாகிவிட்டது, வேறு வரும்வரை மேலே நின்று செதுக்க ஏலாது என்றார். அதை அவருடைய வாயால் கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. மனேஜர் சிரித்தார். போன மாதம்கூட மற்ற ஹோட்டலில் சாரத்தோடு ஏறினாயே, நான் பார்த்தேனே, இப்போது என்ன புதிதாகக் களிசான் என்று கேட்டார்.

நான் சிங்களத்தில் சொன்னேன், "போன மாசம் இந்தக் குத்திய நாங்க வெட்டிப் பாக்கல மாத்தயா. இப்ப பாத்துட்டம். நீங்களும் விரல விட்டுப் பாருங்க."

அவர் விரலை விடவில்லை. போனை எடுத்துக்கொண்டு அப்பால் போனார்.

வேலை போய்விட்டது. இரண்டு நாளில் வேறொருவர் வந்தார். அரைக்காற்சட்டை, வெறுங்கால், தலையில் ஒன்றும் இல்லை. வேம்பில் ஏறிச் செதுக்கி முடித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் சனத்தின் வாய் இருக்கிறதே. பார்த்தாயா, ஒன்றும் நடக்கவில்லை, பொம்பிளைக் கதை கேட்டு ஒரு நல்ல வேலையைக் கைவிட்டான் என்றார்கள். பூசைக்குப் போனால் அங்கேயும் இதே கதை. மாதா பார்த்துக்கொள்வா, நீ ஏன் பயப்படுகிறாய் என்று ஒருத்தி எனக்குப் புத்தி சொன்னாள். மாதா ஒவ்வொரு மரத்துக்குக் கீழேயும் வந்து நிற்பாவா என்று கேட்டேன். அவள் அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. நல்லது.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை இருக்கோ இல்லையோ அந்த ஹோட்டல் றோட்டால்தான் போவார். போய்வந்து ஒரு நாள், "வால நிமித்தி வெட்டியிருக்கான்," என்றார். "மீன் வால் மாதிரி. ஓங்கிலுக்கு வால் படுத்திருக்கோணும். கடலக் காணாதவன்." பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாப்பிடும்போதும் கையைப் படுக்கவைத்து அந்த வாலைக் காட்டினார். நிலத்தில் கிடக்கிற தென்னையை அரிகிற வேலை மட்டும்தான் அப்போது செய்தோம். அது அவருக்கு வேலையாகவே தெரியவில்லை. ஒரு காலையில் மெசினை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். எங்கே என்றால் சும்மா என்றார். சும்மா எவனாவது மெசினைக் கட்டிக்கொண்டு போவானா? சாரத்தோடு எங்கேயோ ஏறத்தான் என்று எனக்கு விளங்கியது. அன்று பின்னேரம் சங்கிலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். அவர் வீடெல்லாம் தேடினார். அலுமாரியைப் பிரட்டினார். நான் அரிசி அளந்து சோறு போட்டேன், அவர் சாப்பிட்டார், சங்கிலி எங்கே என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் கதைக்காமலே அந்தக் கிழமை போனது.

தலவிலைக் கோவில் திருநாளுக்கு இத்தாலியிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்திடம் தம்பி வேறொரு களிசான் கொடுத்துவிட்டான். இந்த முறை ஒரு மணித்தியாலம் போனில் நின்று எல்லாம் சொன்னான். இதுவும் நீளம்தான். உன் மச்சான் எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அந்த அளவு அங்கே கிடைக்கவில்லையாம். உள் அடுக்கு கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே இருக்கிற வெறும் துணியில் மட்டும் மடித்துத் தைக்கலாம், அதற்கு மேலே ஒரு குத்துக்கூடக் கூடாது என்றான்.

இவர் வாங்கிப் பார்த்து, உள்ளே கையை விட்டு அந்த அடுக்கை ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

"கோழி இருக்கு," என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

நீளத்தோடு ஏறினால் கால் தடக்கும். மடிக்கத்தான் வேண்டும். இந்தத் துணிக்குள் ஊசியை இறக்குகிற மெசின் மதுரங்குளி நானாவிடம்தான் இருக்கிறது. இவர் கொண்டுபோகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நானா எங்களைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டார். தடித்த ஊசி எடுத்து வைத்திருக்கிறேன், அந்தக் களிசானை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் நடந்ததைச் சொன்னேன். குத்தியில் இறங்கிய பள்ளத்தை என் விரலில் அளவு காட்டினேன். நானாவின் முகம் கறுத்தது. பிறகு புதுக் களிசானை மடியில் எடுத்து உள்ளே தடவிப் பார்த்தார்.

"தைக்காம விடுறதுக்குன்னு ஒரு உடுப்பா? முப்பது வருஷமா தைக்கிறன் புள்ள, எனக்கு இப்பிடி ஒண்டு தெரியாது," என்றார். "சரி, போய்ட்டு அசர் தொழுகைக்குப் பொறகு வாங்க. மடிச்சி வெக்கிறன்."

"நான் இருக்கிறன் நானா."

"என்ட கைய நம்பல்லயா?"

"உங்கட கை சும்மா இருக்காது நானா. ஆடுறதக் கண்டா தச்சிடுவீங்க."

அவர் கதிரையை மெசினுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். நான் இருந்து, களிசானின் கணுக்கால் பக்கத்தில் உள் அடுக்கு முடிகிற இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். என் விரலுக்குக் கீழே, ஓரத்துப் பக்கம் மட்டும் தைக்கலாம் என்றேன். அவர் காலை வைத்து மிதித்தார். ஊசி என் விரலுக்குக் கிட்ட வந்து வந்து போனது. இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் முடிந்து இடது கால் சுற்றி வரும்வரை நான் பிடித்த இடத்தை விடவில்லை.